ரெண்டு பவுண்டு வால்வு

அண்ணா, அந்த ஜன்னல் ஓரம் எனக்குக் கிடைக்குமா? வேண்டாம், வேண்டாம், எழுந்திருக்காதீங்க. நீங்களே உட்காருங்க. ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்க. மேலேயிருந்து இறங்கி வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டே வாங்க. கரும்பச்சை நிறத்தில் ஒரு பழைய மோரிஸ் மைனர். உருண்டையாக, முதுகு வளைந்து, ஆமை மாதிரி இருக்கும். கண்ணில் பட்டதும் ஒரு சத்தம் கொடுங்க. பஸ் நிற்கிறதோ இல்லையோ, நான் குதித்துவிடுவேன்.

சேச்சே, திருட்டு வண்டி இல்லைங்க. நான் கட்டின வண்டி. பதினாலு மாசம் கட்டினேன். என் பேர் குழந்தைவேலு. சேலத்தில் குகை என்கிற பகுதியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் இருக்கிறது, அங்கேதான் வேலை. ராத்திரியில் மில்லில் ஃபிட்டர், இருபத்திரண்டு வருஷமாக ஒரே ராத்திரி ஷிஃப்ட். பகலில் இந்தப் பழைய கார்கள். தூங்குவது எப்போது என்று கேட்காதீங்க, என் வீட்டுக்காரிகூடக் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

அடிவாரம் தாண்டியாச்சு. இன்னும் ஒரு வளைவுகூட வரவில்லையே. மொத்தம் இருபது வளைவு. இந்த டிரைவர் எப்பவுமே இப்படித்தான் ஓட்டுவாரா? மணி என்ன ஆகிறது? பன்னிரண்டு பத்தா? மதியம் சாப்பிட்டுவிட்டு இறங்குகிறேன் என்றுதான் காரின் சொந்தக்காரர் சொல்லியிருந்தார். அவர் வீட்டில் எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியாதே அண்ணா. ரிட்டயர்ட் போஸ்ட் மாஸ்டர். பன்னிரண்டரை அடித்தால் தட்டு முன்னால் உட்காருகிற ஆள் மாதிரித்தான் தெரிகிறது.

வளைவில் அந்தக் கார் இறங்கும்போது பிரேக் போய்விடும். அதுதான் விஷயம்.

போகலாம் என்று இல்லை, போய்விடும். முதல் நாலைந்து வளைவுக்கு நன்றாகப் பிடிக்கும். கல்லு மாதிரி நிற்கும் பெடல். அவரும் பெருமையாக அழுத்திக்கொண்டே வருவார். அப்புறம் பத்தாவது வளைவோ, எட்டாவது வளைவோ, அழுத்தினால் கால் நேராகத் தரைக்குப் போகும். நாலு சக்கரத்துக்கும் ஒரே குழாய், பழைய காலத்து வேலை. ஒன்று போனால் நாலும் போச்சு. பின் சீட்டில் அவர் பேத்திகள் ரெண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். லீவுக்குத் தாத்தா வீட்டுக்கு, சேலத்துக்கு, கூட்டிக்கொண்டு வருகிறார். மகள் வீடு மேலே எஸ்டேட் பக்கம்.

அது என்ன கார்? வெள்ளையா? சரி, உட்காருகிறேன்.

போன் பண்ணலாமே என்கிறீர்கள். பண்ணாமல் இருப்பேனா? என் நம்பரை அவர் தடுத்து வைத்துவிட்டார். முந்தாநாள் ஒரு சின்ன வாக்குவாதம். சின்னதுதான். அவர்தான் பெரிதாக்கிவிட்டார். இன்றைக்குக் காலையில் ஒரு சாமான் கொடுக்கக் கூரியர்காரர் வந்தார், அவர் போனை வாங்கிக் கூப்பிட்டேன். எடுத்தார். எடுத்தாரே! "ஹலோ, தேவசகாயம் பேசறேன்" என்றார். நான் சொன்னேன், "சார், போனை வச்சுடாதீங்க, வேலு பேசறேன். அன்னைக்கு நீங்க பெடல் களி மாதிரி இருக்குன்னு சொன்னதாலதான் சார் இதெல்லாம்" என்றேன். வைத்துவிட்டார். ஒரு மனுஷன் ஆரம்பத்திலிருந்து சொல்ல வருகிறானே என்ற பொறுமை வேண்டாமா? திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. அப்புறம் நாட் ரீச்சபிள்.

என் வீட்டுக்காரி பூங்கொடி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "ஏங்க, ஓட்டாதீங்கன்னு ஒரு வார்த்தை. அதை முதல்ல சொல்ல முடியாதா உங்களால?" என்றாள். "பஸ் ஏறிப் போங்க. போய் அவர் கால்ல விழுங்க" என்று சட்டையை எடுத்து முகத்தில் எறிந்தாள். என் பைக்கில் வந்திருக்கலாம். அதன் இன்ஜினை ரெண்டு மாசமாகப் பிரித்துப் போட்டிருக்கிறேன். ஊரார் வண்டியெல்லாம் ஓடும், நம் வண்டி மட்டும் சாக்கில் கிடக்கும்.

இது என்ன வளைவு? ரெண்டா? ரெண்டுதானா?

இதோ, இதைப் பாருங்க. கட்டைவிரல் அளவுதான். பித்தளை. ரெண்டு பக்கமும் மரை. இதைத்தான் கூரியர்காரர் கொண்டுவந்தார். ரெண்டு மாசத்துக்கு முன்னால் நான் சென்னையில் சொல்லிவைத்தது. இதற்குப் பேர் ரெண்டு பவுண்டு வால்வு. இது இப்போது என் கையில் இருக்கிறது. இருக்க வேண்டிய இடம் அந்தக் காரில், முன் சக்கரத்துக்குப் போகிற குழாயில்.

உங்களுக்கு விளங்குகிற மாதிரியே சொல்கிறேன். நீங்கள் என்ன வேலை? ஸ்கூலில் கிளார்க்கா? நல்லது. கேளுங்க.

அந்தக் கார் ஐம்பத்தெட்டாம் வருஷத்து மாடல். தேவசகாயம் சாரின் அப்பா வாங்கியது. என்னிடம் வரும்போது இன்ஜின் செத்துப்போயிருந்தது. சார் சொன்னார், "வேலு, எனக்கு இது ஓடணும். மலை ஏறணும். ஆனா வெளியில இருந்து பார்த்தா ஒரு திருகுகூட புதுசுன்னு தெரியக்கூடாது." இதுதான் கண்டிஷன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. செய்கிறவனுக்கல்லவா தெரியும்? அடிபட்டு உடைந்த ஒரு சின்னக் காரிலிருந்து இன்ஜினை எடுத்தேன். பழையதைவிட ரெண்டு மடங்கு சக்தி. அதை உட்கார வைக்க அடியில் புது மவுண்டிங் நானே வெட்டினேன். பழைய வண்டியில் பேட்டரியின் பிளஸ் பக்கம் பாடியோடு சேர்ந்திருக்கும், தலைகீழ். மொத்த வயரையும் மாற்றினேன். ரேடியேட்டரை ஒரு அங்குலம் முன்னால் தள்ளினேன், ஆனால் முன் கம்பி வரிசையில் ஒரு கீறல் விழவில்லை. கோயம்புத்தூரிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டு, "எங்க படிச்சீங்க?" என்று கேட்டார். ஒன்பதாம் வகுப்பு, செவ்வாய்ப்பேட்டை என்றேன். அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்கணும்.

இன்ஜின் சக்தி கூடினால் பிரேக்கும் கூடணும். இது எல்லோருக்கும் தெரியும். பழைய காரில் நாலு பக்கமும் டிரம் பிரேக். முன்னால் ரெண்டுக்கும் டிஸ்க் வைத்தேன். ஒரு வேனோட டிஸ்க், கடைந்து சின்னதாக்கி, பழைய சக்கரத்துக்குள்ளே மறைத்தேன். மேலே பழைய குரோம் மூடி. சார் சொன்னபடி வெளியில் ஒன்றும் தெரியாது.

இங்கேதான் ஒரு இது.

பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற உருளை ஒன்று இருக்கிறதில்லையா, மாஸ்டர் சிலிண்டர், அது அந்த மோரிஸில் டிரைவர் காலுக்கு அடியில், சேஸிக்குள்ளே படுத்திருக்கும். சக்கரத்தைவிடத் தாழ. அதற்குள்ளே சட்டை பட்டன் அளவில் ஒரு வால்வு. அது என்ன பண்ணும் என்றால், காலை எடுத்த பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தை விட்டுவைக்கும். பத்து பவுண்டு. டிரம்முக்கு அது வேண்டும். அங்கே ஸ்பிரிங் இருக்கிறது, இழுத்துப் பிடித்துக்கொள்ளும். டிஸ்க்குக்கு ஸ்பிரிங் கிடையாது. பத்து பவுண்டு இருந்தால், டிஸ்க்கைக் கவ்வுகிற பேட் அதை விடவே விடாது. லேசாக உரசிக்கொண்டே இருக்கும். நீங்கள் பிரேக்கிலிருந்து காலை எடுத்திருப்பீர்கள், ஆனால் பிரேக் உங்களை விட்டிருக்காது. உரச உரசச் சூடு. சூட்டில் ஆயில் கொதிக்கும். கொதித்தால் குமிழி. குமிழியை மிதித்தால் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை.

இது எனக்குத் தெரியாதென்று நினைத்துவிடாதீங்க. தெரியும். எனக்கு நன்றாகத் தெரியும் அண்ணா. இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தவன் நான். அதனால்தானே அந்தப் பட்டனை முதலில் கழற்றியே வைத்தேன்.

கண்டக்டர், கொஞ்சம் நில்லுங்க, எதிரே என்ன ஹாரன் அடிக்குது? வேனா? சரிங்க. சரி, உட்கார்றேன், கத்தாதீங்க.

பார்த்தீங்களா, என்னைப் பைத்தியம் என்கிறார்.

பட்டனைக் கழற்றினேனா? கழற்றினால் வேறு ஒரு தொல்லை. சிலிண்டர் தாழ இருக்கிறதல்லவா, சக்கரத்திலிருந்து ஆயில் மெதுவாகத் திரும்பி இறங்கிவிடும். பெடல் பாதி ஆழம் போய்த்தான் பிடிக்கும். பிடிக்கும், நிற்கும், ஆனால் பாதி ஆழம். அதற்கு ரெண்டு வழி. சிலிண்டரையே எடுத்து மேலே, இன்ஜின் பக்கத்தில் வைப்பது ஒன்று. அப்படி வைத்தால் ஒரு பிளாஸ்டிக் ஆயில் டப்பா பானெட்டைத் திறந்தால் தெரியும். தேவசகாயம் சாருக்கு அது ஆகாது. "என்ன வேலு, அப்பா வண்டியில ஊறுகாய் டப்பா வைக்கறே?" என்றார். இன்னொரு வழி, இதோ, இந்த ரெண்டு பவுண்டு வால்வு. ஆயில் திரும்பாத அளவுக்கு மட்டும் பிடிக்கும். பேட் உரசாது. அதைத்தான் சென்னையில் சொன்னேன். கடைக்காரன் இன்று நாளை என்று இழுத்தான்.

நடுவில் ஒரு நாள் சார் ஓட்டிப் பார்க்க வந்தார். கூட நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார், சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தார். மிதித்துவிட்டு அவர்கள் பக்கம் திரும்பி, "கேப்பைக் களியில கால் விட்ட மாதிரி இருக்குப்பா" என்றார். நாலு பேரும் சிரித்தார்கள். ஒருத்தர் கேட்டார், "கருவாட்டுக் குழம்பு எங்கப்பா வச்சிருக்க, டிக்கியிலயா?" இன்னும் சிரிப்பு. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய? சார் இறங்கி என் தோளில் கை போட்டு, தனியாகக் கூட்டிக்கொண்டு போய், மெதுவாக, ரொம்ப அன்பாகச் சொன்னார், "வேலு, உனக்கு வரலைன்னா தயங்காம சொல்லிடு. தப்பில்லை. கோயம்புத்தூர்ல படிச்ச பையன் ஒருத்தன் இருக்கான். பிரேக் மட்டும் அவன்கிட்ட கொடுத்துக்கறேன்."

பிரேக் மட்டும்.

பதினாலு மாசம் அண்ணா. இன்ஜின் என்னுடையது, வயர் என்னுடையது, அந்தப் பச்சையைக்கூட மூன்று தடவை கலந்து பார்த்தவன் நான். பிரேக் மட்டும் படித்த பையனிடம்.

மறுநாள் காலையில் மில்லிலிருந்து வந்ததும் வராததுமாக அடியில் படுத்தேன். அந்தச் சிலிண்டரைக் கழற்றுவது என்றால் லேசான வேலையா? போல்ட்டுக்கு நேர் குறுக்கே ஒரு கம்பி ஓடும், அதைத் தளர்த்தாமல் போல்ட் வராது. மத்தியானம் ரெண்டு மணி ஆனது. பழைய பட்டனைத் துடைத்து உள்ளே போட்டேன். குழாயில் புகுந்த காற்றை வெளியே எடுத்தேன். மிதித்துப் பார்த்தேன். கல்லு.

இது தற்காலிகம்தான். நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். சென்னையிலிருந்து சாமான் வந்ததும் மாற்றிவிடுவோம், முதல் சர்வீஸுக்கு வரும்போது மாற்றிவிடுவோம், அவருக்குத் தெரியக்கூட வேண்டாம். சேலத்துக்குள்ளே சர்ச்சுக்கும் மார்க்கெட்டுக்கும் ஓட்டினால் ஒன்றும் ஆகாது. அன்றைக்குச் சாயங்காலம் சார் வந்து மிதித்தார். "இதான்டா பிரேக்!" என்று கட்டிப்பிடித்தார். என் எண்ணெய் அழுக்கெல்லாம் அவர் வெள்ளைச் சட்டையில். அவர் அதைப் பார்க்கவே இல்லை. "நீ இன்ஜினியர்டா" என்றார். அந்த நேரத்தில் போய், சார், இது தப்பான வால்வு, மலைக்கு எடுத்துக்கொண்டு போகாதீங்க என்று சொல்ல முடியுமா? நீங்களே சொல்லுங்க. நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?

சொல்லியிருப்பீர்களா? சரி. நீங்கள் கிளார்க்.

இது ஏழாவது வளைவா? எட்டா? அங்கே கீழே பாருங்க, எவ்வளவு ஆழம். சுவர் முழங்கால் உயரம்கூட இல்லை. இதை எவன் கட்டினான்?

மலைக்குப் போகிறேன் என்று அவர் என்னிடம் சொல்லவே இல்லை. புதன்கிழமை காலையில் கிளம்பிவிட்டார். மகள் புது வீட்டில் ஜெபம். சொல்லியிருந்தால் ஏதாவது காரணம் சொல்லித் தடுத்திருப்பேன். கிளட்ச் பார்க்கணும் என்றிருப்பேன். போய்ச் சேர்ந்து வியாழக்கிழமை எனக்குப் போன். "வேலு, முன் சக்கரத்துகிட்ட கருகற வாசனை வருதுப்பா. மூடியைத் தொட்டேன், கை சுட்டுடுச்சு. ஒரு பக்கம் இல்லை, ரெண்டு பக்கமும்." நான் அப்போது தூக்கத்திலிருந்து எழுந்தவன். "புது பேட் சார், பழகற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

ஆமாம். சொன்னேன்.

அவர் விடவில்லை. "என் மாப்பிள்ளை நெட்ல பார்த்தார், உள்ள ஏதோ வால்வு இருந்தா எடுத்துடணும்னு போட்டிருக்காமே. எடுத்துட்டியா?" என்றார். மாப்பிள்ளை! காப்பிக் கொட்டை காயவைக்கிறவர். நேற்று நெட்டில் பார்த்தவர். எனக்கு எங்கிருந்து வந்ததோ கோபம். "சார், உங்களுக்குத் துணி வச்சுத் துடைக்கத்தான் தெரியும். உங்க மாப்பிள்ளைக்கு அதுகூடத் தெரியாது. என் வேலையில நம்பிக்கை இல்லைன்னா கோயம்புத்தூருக்குக் கொண்டு போங்க" என்றேன். இன்னும் ரெண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னேன், அது இங்கே வேண்டாம், முன் சீட்டில் பெண்கள் இருக்கிறார்கள். "சரி வேலு. சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுட்டு இறங்கறேன். நேர்ல பேசிக்கலாம்" என்று வைத்தார். அதோடு நம்பரைத் தடுத்துவிட்டார். நீங்களே பாருங்க, யார் பண்ணினது சின்னத்தனம்?

எடுத்துட்டியா என்றுதான் கேட்டார். இல்லை என்று சொல்லியிருந்தால் முடிந்தது. ஒரு வார்த்தை. ரெண்டெழுத்தோ மூன்றெழுத்தோ.

ரெண்டு நாள் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. மில்லுக்குப் போனேன், வந்தேன். கோபத்திலேயே இருந்தேன். கோபமாக இருந்தால் வேறு எதையும் நினைக்க வேண்டாம் பாருங்க. காலையில் கூரியர்காரர் இந்தப் பொட்டலத்தைக் கையில் வைத்தார். பிரித்தேன். பித்தளை வெயிலில் பளிச்சென்றது. அப்போதுதான் அண்ணா, கூரியர்காரர் கையிலிருந்து போனை வாங்கினேன். அந்தச் சின்னக் குழந்தை, பெரியவள் இல்லை, சின்னவள், ஒரு தடவை ஷெட்டுக்கு வந்தபோது ஹாரனை அடித்துவிட்டு அதே சத்தத்தை வாயால் திரும்பச் செய்து காட்டினாள். அதுதான் ஞாபகம் வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

அடிவாரத்து செக்போஸ்ட்டில் சொல்லியிருக்கலாம், மேலே ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தியிருப்பார்கள் என்கிறீர்கள். நானும் நினைத்தேன். பஸ் அங்கே நின்றதே, அப்போது வாசல் வரைக்கும் போனேன். அவர்கள் என்ன கேட்பார்கள்? பிரேக் போகும் என்று உனக்கு எப்படித் தெரியும், யார் பார்த்த வேலை என்று கேட்பார்கள். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

ஒரு நிமிஷம் அண்ணா. உங்கள் போனில் சிக்னல் கம்பி இருக்கிறதா? ரெண்டு கம்பியா? கூப்பிடுங்க. நான் நம்பர் சொல்கிறேன், மனப்பாடம். ம்... ம்... போகிறதா? அடிக்கிறதா?

எடுக்கவில்லையா.

ஓட்டிக்கொண்டிருப்பாரோ? ஓட்டும்போது எடுக்க மாட்டார், ஒழுங்கான மனுஷன். இறங்கிவிட்டாரா அப்போது? இன்னொரு தடவை. அடித்து நின்றுவிட்டதா? கடவுளே.

மெசேஜ் போடலாம் என்கிறீர்கள். போடுங்க. போடுங்க அண்ணா, நான் கண்ணாடி எடுத்து வரவில்லை. நான் சொல்லச் சொல்ல அடியுங்க. தமிழில் அடிக்க வருமா? பிழை இல்லாமல் அடியுங்க, போஸ்ட் மாஸ்டர், சிவப்பு மையில் சுழிப்பார்.

"மதிப்பிற்குரிய தேவசகாயம் சார் அவர்களுக்கு, குழந்தைவேலு எழுதிக்கொள்வது. தாங்கள் அவசரப்படுத்திய காரணத்தால்..."

ஏன் நிறுத்திட்டீங்க? உண்மைதானே?

சரி. அதை எடுத்துடுங்க. "காரில் ஒரு சிறு திருத்தம் பாக்கி இருக்கிறது. ஆகவே..."

ஆமாம். சிறு வேண்டாம். சரி. எல்லாவற்றையும் அழியுங்க. ஆகவேயும் வேண்டாம்.

"காரை ஓட்டாதீர்கள். இறங்கும்போது பிரேக் போய்விடும். ஏற்கனவே இறங்கிக்கொண்டிருந்தால் முதல் கியரில் வாருங்கள், கை பிரேக்கை மட்டும் பிடியுங்கள், மலைப் பக்கம் ஒதுக்கி நிறுத்துங்கள்." அடிச்சாச்சா? அப்புறம், "வால்வு தவறானது."

யார் வைத்தது என்று அவருக்குத் தெரியுமே, அதை எதற்கு... வேலு என்று பேர் போட்டால் படிக்காமலே தள்ளிவிடுவார். பேர் போடாவிட்டால் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைப்பார். மாப்பிள்ளை நெட்டில் படித்ததைத்தான் யாரோ சொல்கிறார்கள் என்று... என்ன செய்வது? அவர் நம்பணும். நம்புகிற மாதிரி ஒன்று வேண்டும்.

அடியுங்க. "வால்வு தவறானது. தெரிந்தே வைத்தேன். வியாழக்கிழமை உங்களிடம் பொய் சொன்னேன். குழந்தைவேலு."

ஆமாம், அதேதான். திரும்பப் படிக்காதீங்க. அனுப்புங்க.

போயிடுச்சா? சுற்றிக்கொண்டே இருக்கிறதா? வளைவில் கம்பி போய்விட்டதா? கையை வெளியே நீட்டிப் பிடியுங்க அண்ணா, ஜன்னலுக்கு வெளியே, ஜாக்கிரதை, கிளை வருகிறது. இல்லையா இன்னும்?

இது எத்தனாவது? பதினாலு. பதினாலாவது வளைவு.

ஏன் பஸ் நிற்கிறது? எதிரே என்ன? மினி லாரி. வளைவில் ரெண்டும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. இவர் பின்னால் எடுக்கணும், இல்லையென்றால் அவர் எடுக்கணும். நேரம் போகிறதே. லாரி மேலே என்ன கட்டியிருக்கிறது? தார்ப்பாய். தார்ப்பாய்க்குக் கீழே...

அண்ணா.

பச்சை.

அந்தப் பச்சை என்னுடையது. மூன்று தடவை கலந்த பச்சை. ஐயோ, லாரியில் ஏற்றியிருக்கிறார்களே, என்ன ஆச்சு? முட்டிவிட்டதா? முன்பக்கம் மூடியிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை, உங்களுக்குத் தெரிகிறதா? கண்ணாடி இருக்கிறதா? முன் கண்ணாடி? உடைந்திருக்கா? சொல்லுங்களேன்!

இருங்க. கண்டக்டர் லாரி டிரைவரிடம் கேட்கிறார். கேளுங்க.

"என்னண்ணே, பொண்ணு மாப்பிள்ளையக் கொண்டு போற மாதிரி ஜோடிச்சுக் கட்டி வச்சிருக்க?"

"பெரியவர் ஓட்ட மாட்டேன்னுட்டாருப்பா. சக்கரத்தைத் தொட்டா தோசைக்கல்லு. பிள்ளைகள வச்சுக்கிட்டு எதுக்கு வம்புன்னு நேத்தே எனக்குச் சொல்லிட்டாரு. வண்டி ஜம்முனு இருக்கு, ஒரு கீறல் இல்ல."

"யாரு பார்த்த வேலையாம்?"

"யாரோ குகை மெக்கானிக்காம்."

"குகையா? அங்க கொலுசு பண்றவங்கல்ல இருக்காங்க! பிரேக்குக்குப் பதிலா சலங்கை கட்டி விட்டிருப்பான்!"

சிரிக்கிறார்கள். பஸ்ஸே சிரிக்கிறது. நீங்களும் சிரிக்கிறீர்கள் அண்ணா, பரவாயில்லை, சிரியுங்க. ஒரு கீறல் இல்லையாம். நேற்றே சொல்லிவிட்டாராம். நேற்றே. அப்பாடா. அப்பாடா. கொஞ்சம் தண்ணி இருக்கா?

நேற்றே லாரி சொல்லிவிட்டார். பாருங்க. பதினாலு மாசம் உழைத்தவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் இங்கே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறேன், அவர் நிம்மதியாக லாரி பிடித்திருக்கிறார். யாரோ குகை மெக்கானிக்! எனக்குப் பேர் இல்லையா? அந்தக் கயிற்றைப் பாருங்க, பம்பரில் சுற்றியிருக்கிறான் முட்டாள். குரோம் போச்சு. கயிறு கட்டத் தெரியாதவனிடம் கொடுக்கலாம், என்னிடம்...

அண்ணா, அந்த மெசேஜ். இன்னும் சுற்றிக்கொண்டுதானே இருக்கிறது? போகவில்லையே? அழித்துவிடுங்க. இனி எதற்கு? அவர்தான் ஓட்டவில்லையே. காரியம் முடிந்தது. வண்டி வந்ததும் நான் போய் இந்தச் சின்ன வால்வைப் போட்டுவிடுவேன், பேட் பழகவில்லை சார், இப்போது சரி பண்ணிவிட்டேன் என்று... அழித்துவிடுங்க அண்ணா. ஏன் என்னை இப்படிப் பார்க்கிறீங்க? அது ஆபத்துக்கு எழுதினது. ஆபத்து இல்லை என்று ஆன பிறகு அது எதற்கு?

ஐயோ. லாரி நகர்கிறது. நம் பக்கமாக வருகிறது. உள்ளே அவர்தான். தேவசகாயம் சார். டிரைவர் பக்கத்தில், குழந்தைகள் ரெண்டு பேரும் நடுவில். சின்னவள் சக்கரத்து மூடியை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்காருங்க அண்ணா. இன்னும் கொஞ்சம். உங்கள் பையை இப்படிக் கொடுங்க. நான் குனிந்துகொள்கிறேன். பார்த்துவிடப் போகிறார். ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு முழம்கூட இல்லை. நிற்கிறதா? ஏன் நிற்கிறது? போகச் சொல்லுங்க. பஸ் எடுக்கலையா இன்னும்?

என்ன சத்தம் அது? உங்கள் போனா?

போயிடுச்சா?

நான்தான் அழிக்கச் சொன்னேனே. அண்ணா, நான் சொன்னேனே. அவர் போன் அடிக்கிறது, எனக்குக் கேட்கிறது, அவர் போனுக்கு அந்த மாதா கோயில் மணிச் சத்தம்தான். எடுக்கிறாரா? சட்டைப் பையிலிருந்தா? கண்ணாடியைப் போடுகிறாரா?

படிக்கிறாரா?

நான் பார்க்க மாட்டேன். என்னால் முடியாது. நீங்கள் பாருங்க. முகம் எப்படி இருக்கிறது அண்ணா? சொல்லுங்க. எப்படி இருந்தாலும் சொல்லுங்க.